அப்டேட்டுக்குப் பிறகு கணினி தொலைவிலிருந்து விழிக்கவில்லையா? வேக்-ஆன்-லேன் கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு கணினியை உறங்க விட்டுவிட்டு, வேண்டும்போது வெளியூரிலிருந்து எழுப்பி, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போய் வேலை பார்ப்பவர்கள் பலர். இரவெல்லாம் கணினியை ஓட விட வேண்டியதில்லை, மின்சாரமும் மிச்சம். நெட்வொர்க் வழியாக ஒரு செய்தி அனுப்பிக் கணினியை எழுப்பும் இந்த வசதிக்குப் பெயர் வேக்-ஆன்-லேன். ஆனால் ஒரு நாள் பெரிய அப்டேட் ஒன்று ஏறும். மறுநாள் காலையில் எழுப்பும் செய்தியை எத்தனை முறை அனுப்பினாலும் மறுமுனையில் சத்தமே இருக்காது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததும் விண்டோஸ் 11-க்கு மாறியவர்களில் பலர் இந்தத் தொல்லையைப் பார்த்திருப்பார்கள்.

இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, கண்ணில் படும் செட்டிங்கையெல்லாம் மாற்றிப் பார்ப்பது. பயாஸில் (கணினியை முதலில் தொடங்கி வைக்கும் மென்பொருள்) நாலு, டிரைவரில் (வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) ஐந்து, ரவுட்டரில் இரண்டு என்று ஒரே மூச்சில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் வழியிருக்காது. எழுப்பும் செய்தி போகிற பாதையில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதை முதலில் பிடியுங்கள், மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கீழே இருக்கும் வரிசை அதற்காகவே அமைத்தது. ஒரு படியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், உடனே சோதியுங்கள்.

ஒரு குறிப்பு: திரையில் வரும் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

உறங்கும் கணினிக்குள் நடப்பது

கணினி உறங்கும்போதும், பல கணினிகளில் ஷட் டவுன் ஆன பிறகும், பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நெட்வொர்க் கார்டின் ஒரு சிறு பகுதி அந்த மின்சாரத்தில் விழித்திருந்து, லேன் கேபிளில் வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (சிறு தரவுத் துண்டு) பார்க்கும். அது தேடுவது ஒரே ஒரு வடிவத்தைத்தான்: முதலில் ஆறு பைட் முழுக்க எஃப்எஃப், அதைத் தொடர்ந்து அந்தக் கார்டின் ஆறு பைட் மேக் முகவரி (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய அடையாள எண்) பதினாறு முறை. மொத்தம் 102 பைட். இதற்குப் பெயர் மேஜிக் பாக்கெட். ஏஎம்டியும் ஹியூலெட்-பேக்கார்டும் சேர்ந்து உருவாக்கியது. இதைப் பற்றிய ஏஎம்டியின் தொழில்நுட்ப அறிக்கை 1995 நவம்பரில் வந்தது. அன்றைய வடிவம் இன்றுவரை மாறவில்லை.

உறங்கும் கணினிக்கு ஐபி முகவரி, பாஸ்வேர்டு எதைப் பற்றியும் கவலை இல்லை. மேக் முகவரி பொருந்தினால் கார்டு மதர்போர்டுக்குச் சமிக்ஞை கொடுக்கும், கணினி எழும். ஆனால் கார்டு தானாகக் காவல் இருக்காது. உறங்கப் போகும் முன் "மேஜிக் பாக்கெட் வந்தால் எழுப்பு" என்று அதற்கு யாராவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதைச் சொல்வது டிரைவர், அல்லது பயாஸ். அப்டேட்டில் டிரைவர் மாறினாலோ, டிரைவரின் செட்டிங் பழைய இயல்புநிலைக்குத் திரும்பினாலோ, அந்த ஒரு கட்டளை விட்டுப்போகும். அப்டேட்டுக்குப் பிறகு வரும் கோளாறுகளில் மிக அதிகமாகக் காண்பது இதுதான். கணினி இயங்கும்போது நெட்வொர்க் ஒழுங்காக வேலை செய்வதால் சந்தேகமே வராது.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

அப்டேட்டுக்கு முன் கணினியை எந்த நிலையிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தீர்கள்? ஸ்லீப்பிலிருந்தா, ஹைபர்நேட்டிலிருந்தா (திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைவது), ஷட் டவுனிலிருந்தா? "ஆஃப் பண்ணியிருந்தேன்" என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் ஸ்லீப்பில் விட்டவர்கள். இந்த மூன்றும் வெவ்வேறு. ஸ்லீப்பைத் தொழில்நுட்ப மொழியில் எஸ்3 என்றும், ஹைபர்நேட்டை எஸ்4 என்றும், முழு ஷட் டவுனை எஸ்5 என்றும் சொல்வார்கள்.

மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடு தெளிவானது: விண்டோஸ் 8 முதல், எஸ்3, எஸ்4 இரண்டிலிருந்தும் எழுப்புவதற்கு மட்டுமே விண்டோஸ் பொறுப்பேற்கும். ஷட் டவுன் செய்தால் மின்சாரம் துளியும் செலவாகக் கூடாது என்று பயனர்கள் எதிர்பார்ப்பதால், ஷட் டவுனின்போது விண்டோஸ் நெட்வொர்க் கார்டைக் காவலுக்கு வைப்பதில்லை. அப்படியும் ஷட் டவுனிலிருந்து உங்கள் கணினி விழித்துக்கொண்டிருந்தது என்றால், பயாஸோ, கார்டு தயாரித்த நிறுவனத்தின் டிரைவரோ அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதனால்தான் டிரைவர் மாறியதும் ஷட் டவுனிலிருந்து எழுப்புவது முதலில் போய்விடுகிறது, ஸ்லீப்பிலிருந்து எழுப்புவது மிச்சம் இருக்கிறது. புதிதாக இதை அமைப்பவர்களுக்கு என் அறிவுரை: ஸ்லீப்பையோ ஹைபர்நேட்டையோ நம்புங்கள், ஷட் டவுனை நம்பி வெளியூர் போகாதீர்கள்.

பாதையை இரண்டாகப் பிரிக்கும் சோதனை

கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியது இது. வெளியூரில் இருந்தால் வீட்டில் யாரையாவது உதவிக்கு அழையுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் ஸ்லீப் கொடுத்துக் கணினியை உறங்க வையுங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். அதே ரவுட்டரில் இணைந்த இன்னொரு கணினியிலிருந்தோ, அதே வைஃபையில் இருக்கும் மொபைலில் ஒரு வேக்-ஆன்-லேன் செயலியிலிருந்தோ மேஜிக் பாக்கெட்டை அனுப்புங்கள். மொபைலின் டேட்டாவை அணைத்துவிடுங்கள். கெஸ்ட் வைஃபையில் இருந்து அனுப்பாதீர்கள், அதிலிருந்து உள் நெட்வொர்க்குக்குப் பாக்கெட் போகாது. அனுப்பும் முகவரியாகக் கணினியின் ஐபியைக் கொடுக்காமல் பிராட்காஸ்ட் முகவரியை (நெட்வொர்க்கில் உள்ள எல்லாச் சாதனங்களுக்கும் போகும் முகவரி) கொடுங்கள். உங்கள் வீட்டு நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் 192.168.1.255. போர்ட் (பாக்கெட் போகும் வாசல் எண்) 9 அல்லது 7.

அனுப்பும் முன் மேக் முகவரியை ஒரு முறை சரிபாருங்கள். கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் பிராம்ப்ட்) "ஐபிகான்ஃபிக் /ஆல்" அடித்தால் "பிஸிக்கல் அட்ரஸ்" என்ற வரியில் இருக்கும். ஒரே கணினிக்கு வைஃபைக்கு ஒரு முகவரி, லேனுக்கு ஒரு முகவரி, புளூடூத்துக்கு ஒன்று, விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் இருந்தால் அதற்கும் ஒன்று என்று நாலைந்து வரும். வேண்டியது கேபிள் செருகியிருக்கும் ஈதர்நெட் கார்டின் முகவரி. லேப்டாப்பை டாக் வழியாக இணைத்திருந்தால் டாக்கின் முகவரி வேறாக இருக்கலாம்.

இந்தச் சோதனையில் கணினி எழுந்துவிட்டால், கார்டும் டிரைவரும் நலம். கோளாறு ஷட் டவுன் முறையிலோ, வெளியிலிருந்து வரும் இணையப் பாதையிலோ இருக்கிறது. எழவில்லை என்றால், கணினிக்குள்ளேயே தேட வேண்டும்.

லேன் துவாரத்தின் விளக்கைப் பாருங்கள்

கணினி உறங்கும்போது அதன் பின்பக்கம் போய், கேபிள் செருகியிருக்கும் துவாரத்தைப் பாருங்கள். அதன் ஓரத்தில் பச்சை அல்லது ஆரஞ்சு நிறத்தில் சிறு விளக்கு இருக்கும். அது எரிந்தாலோ, அவ்வப்போது மினுக்கினாலோ, கார்டுக்கு மின்சாரம் போகிறது, ரவுட்டரோடு இணைப்பும் இருக்கிறது. அங்கே இருட்டாக இருந்தால் ரவுட்டர் அல்லது ஸ்விட்ச் பக்கத்தில் அதே கேபிளின் விளக்கையும் பாருங்கள், ஏனென்றால் சில மதர்போர்டுகள் உறக்கத்தில் விளக்கை மட்டும் அணைத்துவிடும். இரண்டு பக்கமும் இருட்டு என்றால் எந்த மென்பொருள் சோதனையும் பயன்படாது. அடுத்து வரும் வேகச் செட்டிங்கை மட்டும் பார்த்துவிட்டு நேரே பயாஸ் பகுதிக்குப் போங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மின்சாரத்தைச் சேமிக்கக் கார்டு உறக்கத்தில் தன் வேகத்தை 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 10-க்கோ 100-க்கோ இறக்கிக்கொள்ளும். புதிதாக வரும் 2.5 ஜிகாபிட், 10 ஜிகாபிட் ஸ்விட்சுகள் சிலவற்றுக்கு 10 எம்பிபிஎஸ் வேகமே தெரியாது. அப்போது கணினி உறங்கியதும் இணைப்பே அறுந்துபோகும். ரியல்டெக் கார்டுகளின் டிரைவரில் "டபிள்யூஓஎல் அண்ட் ஷட்டவுன் லிங்க் ஸ்பீட்" என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை "நாட் ஸ்பீட் டவுன்" என்று வைத்துப் பாருங்கள். அப்டேட் இதை இயல்புநிலைக்குத் திருப்பிவிட்டால், நேற்றுவரை ஓடியது இன்று நிற்கும்.

விண்டோஸில் பார்க்க வேண்டியவை

கட்டளைச் சாளரத்தை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, "பவர்சிஎஃப்ஜி /டிவைஸ்குவரி வேக்_ஆர்ம்ட்" என்று அடியுங்கள். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் இடைவெளி இல்லாமல் சேர்க்க வேண்டும். இப்போது இந்தக் கணினியை எழுப்ப அனுமதி பெற்ற சாதனங்களின் பட்டியல் வரும். கீபோர்டு, மவுஸ் வந்து, உங்கள் ஈதர்நெட் கார்டின் பெயர் வராவிட்டால், கோளாறு கையில் சிக்கிவிட்டது. இந்த ஒரு வரியைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். பத்து செட்டிங் பக்கங்களைப் புரட்டுவதைவிட இது வேகமாக உண்மையைச் சொல்லும்.

பட்டியலில் இல்லையென்றால், டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலில் மூன்று பெட்டிகள் இருக்கும். கணினி இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்பது முதல் பெட்டி. சாதனம் கணினியை எழுப்பலாம் என்பது இரண்டாவது. மேஜிக் பாக்கெட் மட்டுமே எழுப்பலாம் என்பது மூன்றாவது. மூன்றிலும் டிக் இருக்கட்டும். முதல் பெட்டியில் டிக்கை எடுத்தால் பல டிரைவர்களில் மற்ற இரண்டும் மங்கிப்போகும், அதனால் அதை விட்டுவைக்க வேண்டும். மூன்றாவது பெட்டியில் டிக் இல்லாவிட்டால், நெட்வொர்க்கில் போகிற சாதாரண விசாரணைப் பாக்கெட்டுகளுக்கெல்லாம் கணினி நடுராத்திரியில் விழித்துக்கொள்ளும்.

அடுத்து அதே சாளரத்தில் அட்வான்ஸ்டு தாவல். அங்கே "வேக் ஆன் மேஜிக் பாக்கெட்" எனேபிள்டு ஆக இருக்க வேண்டும். ரியல்டெக் என்றால் "ஷட்டவுன் வேக்-ஆன்-லேன்" என்ற வரியும் இருக்கும், ஷட் டவுனிலிருந்து எழுப்புபவர்களுக்கு உயிர்நாடி அதுதான். "எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்", "கிரீன் ஈதர்நெட்" போன்ற மின்சாரச் சேமிப்பு வரிகள் சில கார்டுகளில் இடைஞ்சல் செய்யும். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யாவிட்டால் மட்டும் அவற்றை அணைத்துச் சோதியுங்கள்.

இந்த வரிகளே காணாமல் போயிருக்கின்றனவா? அப்படியானால் டிரைவர் தாவலுக்குப் போய் "டிரைவர் புரொவைடர்" என்ற இடத்தைப் பாருங்கள். முன்பு ரியல்டெக் அல்லது இன்டெல் என்று இருந்தது இப்போது மைக்ரோசாஃப்ட் என்று மாறியிருக்கலாம். பெரிய அப்டேட்டின்போது விண்டோஸ் தன்னோடு வரும் பொதுவான டிரைவரைப் போட்டுவிடுவது உண்டு. இணையம் பார்ப்பதற்கு அது போதும், ஆனால் எழுப்புவதற்கு வேண்டிய வசதிகள் முழுதாக இருக்காது. "ரோல் பேக் டிரைவர்" பொத்தான் உயிரோடு இருந்தால் அதை அழுத்துங்கள். மங்கியிருந்தால், உங்கள் மதர்போர்டு அல்லது கணினித் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலிருந்து உங்கள் மாடலுக்கான லேன் டிரைவரை இறக்கி நிறுவுங்கள். டிரைவர் தேடித் தருவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம். நிறுவிய பின் பவர் மேனேஜ்மென்ட் தாவலை மறுபடி ஒரு முறை பாருங்கள், புது டிரைவர் டிக்குகளை அழித்திருக்கலாம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்

ஷட் டவுனிலிருந்து எழுப்புபவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. விண்டோஸ் 8-இல் வந்த இந்த வசதி, ஷட் டவுன் என்று அழுத்தினாலும் கணினியை முழுதாக அணைப்பதில்லை. விண்டோஸின் உள்மையத்தை ஹைபர்நேட் கோப்பில் எழுதி வைத்துவிட்டு அணையும். மறுமுறை வேகமாகத் திறக்கும் என்பது ஆதாயம். ஆனால் இந்தக் கலப்பு நிலையிலிருந்து எழுப்புவதற்கு ஆதரவு கிடையாது. நீங்கள் என்றோ அணைத்து வைத்திருந்தாலும், பெரிய அப்டேட்டுக்குப் பின் மறுபடி இயங்கத் தொடங்கியிருக்கலாம்.

எதையும் மாற்றாமல் முதலில் இதைச் சோதிக்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். அந்த ஒரு முறை மட்டும் விண்டோஸ் முழு ஷட் டவுன் செய்யும். அதன் பிறகு மேஜிக் பாக்கெட்டுக்குக் கணினி எழுந்தால், குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ", அங்கே மேலே தெரியும் "சேஞ்ச் செட்டிங்ஸ்" என்று தொடங்கும் இணைப்பை அழுத்தினால் மங்கிய வரிகள் திறக்கும். "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" டிக்கை எடுத்துச் சேமியுங்கள். "பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்" என்ற கட்டளையும் இதை அணைக்கும், ஆனால் அது ஹைபர்நேட்டையும் சேர்த்து அணைத்துவிடும். ஹைபர்நேட்டிலிருந்து எழுப்ப நினைப்பவர்கள் அந்தக் குறுக்குவழியைத் தவிருங்கள்.

மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள கணினிகள்

"பவர்சிஎஃப்ஜி /ஏ" என்று அடித்தால் உங்கள் கணினிக்கு எந்தெந்த உறக்க நிலைகள் உண்டு என்று தெரியும். "ஸ்டாண்ட்பை எஸ்3" என்று வந்தால் பழைய வழக்கமான ஸ்லீப். "எஸ்0 லோ பவர் ஐடில்" என்று வந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை. மொபைல்போன் மாதிரி திரையை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே அரைத்தூக்கத்தில் இருக்கும். அண்மைக்கால லேப்டாப்புகளில் பெரும்பாலும் இதுதான். இவற்றில் நான் மேலே சொன்ன பவர் மேனேஜ்மென்ட் தாவலே தெரியாமல் இருக்கலாம், அதைக் கண்டு பதற வேண்டாம். அதே பதிலில் "நெட்வொர்க் டிஸ்கனெக்டெட்" என்றும் வந்தால், உறக்கத்தில் நெட்வொர்க்கே துண்டிக்கப்படும், மேஜிக் பாக்கெட்டைக் கேட்க ஆளில்லை. இந்தக் கணினிகளில் ஹைபர்நேட்டில் விட்டுச் சோதித்துப் பாருங்கள்.

பயாஸ்

கணினி தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி உள்ளே போங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். "வேக் ஆன் லேன்" என்று நேராக இருக்கலாம், "பவர் ஆன் பை பிசிஐ-இ" என்று இருக்கலாம். அதை எனேபிள் செய்யுங்கள். இதைவிட முக்கியமானது "இஆர்பி" அல்லது "டீப் ஸ்லீப்" என்ற வரி. காத்திருப்பு நிலையில் ஒரு சாதனம் இழுக்கும் மின்சாரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு உட்பட, இந்த வசதி நெட்வொர்க் கார்டுக்குப் போகும் காத்திருப்பு மின்சாரத்தையே நிறுத்திவிடும். லேன் விளக்கு இருட்டாக இருப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அதை டிஸேபிள் செய்யுங்கள்.

"நான் விண்டோஸ் அப்டேட்தானே போட்டேன், பயாஸ் எப்படி மாறும்?" என்று கேட்கலாம். பல லேப்டாப்புகளுக்கும் பிராண்டட் டெஸ்க்டாப்புகளுக்கும் பயாஸ் அப்டேட்டே விண்டோஸ் அப்டேட் வழியாக வருகிறது. அது ஏறும்போது சில செட்டிங்குகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். தேதியும் நேரமும்கூடத் தவறாக இருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் எதைச் சேமித்தாலும் நிற்காது.

மின்வெட்டு உள்ள இடங்களில் ஒன்றைக் கவனியுங்கள். மின்சாரம் முழுதாகப் போய் வந்தால், பல கணினிகளில் கார்டு தனக்குக் கொடுத்த காவல் கட்டளையை மறந்துவிடும். ஒரு முறை கணினி இயங்கி மறுபடி உறங்கினால்தான் நினைவு வரும். பயாஸில் "ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்பதைப் "பவர் ஆன்" என்று வைத்தால், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும், பிறகு நீங்கள் உறங்க வைக்கலாம். வெளியே கிளம்பும்போது சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால், அந்தச் சுவிட்சின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

பாக்கெட் வந்து சேர்கிறதா?

மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காக இருந்தும் விழிக்கவில்லை என்றால், பாக்கெட் வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். எழுப்ப வேண்டிய கணினியை விழித்த நிலையிலேயே வைத்து, அதில் நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓட விடுங்கள். ஈதர்நெட் கார்டைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள வடிகட்டிப் பெட்டியில் டபிள்யூ, ஓ, எல் மூன்று எழுத்தையும் சேர்த்து அடியுங்கள். இப்போது மொபைலில் இருந்து அனுப்புங்கள். பாக்கெட் வந்தால் திரையில் ஒரு வரி தோன்றும். அதைக் கிளிக் செய்து கீழே உள்ள பைட்டுகளைப் பாருங்கள்: எஃப்எஃப் ஆறு முறை, பிறகு உங்கள் மேக் முகவரி வரிசையாகப் பதினாறு முறை. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இங்கே பளிச்சென்று தெரியும். வரியே தோன்றவில்லை என்றால் கணினியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அனுப்பும் செயலி, வைஃபை, ரவுட்டர் இவற்றில் தேடுங்கள்.

எழுந்துவிட்டது, ஆனால் பதில் இல்லை

இதை எழும்பாத கோளாறு என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கணினியின் விசிறி சுழலும், விளக்கு எரியும், ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் இணையாது.

காரணங்களில் முதலாவது பிட்லாக்கர். பயாஸ் மாறியதும், டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும் பிட்லாக்கர் சந்தேகப்பட்டு மீட்புச் சாவி கேட்டு நிற்கும். அந்த நீலத் திரையில் நெட்வொர்க் கிடையாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து 48 இலக்கச் சாவியை அடித்தால்தான் நகரும். வெளியூர் போகும் முன் அந்தச் சாவி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நெட்வொர்க் கார்டின் டிரைவர் மாறியதும் விண்டோஸ் அந்த இணைப்பைப் புதிது என்று எண்ணிப் பப்ளிக் என்று குறித்துவிடலாம். அப்போது ஃபயர்வால் இறுகி, பிங்குக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் பதில் தராது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய்ப் பிரைவேட் என்று மாற்றுங்கள். கணினியின் ஐபி மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ரவுட்டரில் அந்த மேக் முகவரிக்கென்று ஒரே ஐபியை ஒதுக்கி வைப்பது நல்லது.

எழுந்து, இரண்டு நிமிடத்தில் மறுபடி உறங்கிவிடும் கணினிகளும் உண்டு. எதிரில் ஆள் இல்லாமல் எழுந்த கணினிக்கு விண்டோஸ் தனியாக ஒரு குறுகிய கால அளவு வைத்திருக்கிறது. வழக்கமாக அது இரண்டு நிமிடம். எழுப்பிவிட்டு டீ குடித்து வந்து இணைக்கப் பார்த்தால் கிடைக்காது, எழுப்பிய உடனே இணையுங்கள். கணினி உண்மையில் எழுந்ததா, எதனால் எழுந்தது என்று அறிய "பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக்" உதவும்.

வெளியூரிலிருந்து வரும் பாதை

வீட்டுக்குள் சோதனை வெற்றி, வெளியிலிருந்து தோல்வி என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு. ரவுட்டரில் போர்ட் 9-ஐக் கணினியின் ஐபிக்குத் திருப்பிவிட்டவர்கள், "உறங்கிய உடனே எழுப்பினால் எழுகிறது, மறுநாள் எழுப்பினால் எழவில்லை" என்பார்கள். இது அப்டேட்டின் வேலை அல்ல. எந்த ஐபி எந்த மேக் முகவரிக்கு உரியது என்ற குறிப்பை ரவுட்டர் சில நிமிடங்களே நினைவில் வைத்திருக்கும். உறங்கும் கணினி "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதில் சொல்லாது என்பதால் குறிப்பு அழிந்து, பாக்கெட் ரவுட்டரிலேயே கைவிடப்படும்.

இன்னொன்று, உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கலாம். ரவுட்டரின் வேன் முகவரி (இணையப் பக்கம் அதற்குக் கிடைத்த ஐபி) 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் அதுதான் நிலை. அங்கே போர்ட் திருப்புவது பலிக்காது.

இரண்டுக்கும் ஒரே தீர்வு போதும்: வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு சிறு சாதனம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியே போதும். அதில் வயர்கார்டு அல்லது டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் (பாதுகாப்பான தனிவழி) மென்பொருளை அமைத்து, வெளியிலிருந்து அதற்குள் நுழைந்து, அங்கிருந்து மேஜிக் பாக்கெட்டை அனுப்புங்கள். போர்ட் திருப்ப முடியாத இணைப்பு என்றால் டெய்ல்ஸ்கேலே எளிது. டெய்ல்ஸ்கேலில் இணைந்த உங்கள் லேப்டாப்பிலிருந்து நேராகப் பிராட்காஸ்ட் அனுப்பினால் வீட்டு நெட்வொர்க்குக்குப் போய்ச் சேராது, ராஸ்பெரி பையில் இருந்தே அனுப்ப வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கும் ஆபத்தும் இதனால் தேவையில்லாமல் போகும்.

லினக்ஸ் என்றால்

கதை அதேதான், பெயர்கள்தான் வேறு. "ஈத்டூல்" கட்டளையோடு கார்டின் பெயரைக் கொடுத்தால் "வேக்-ஆன்" என்ற வரியில் ஓர் எழுத்து வரும். ஜி என்றால் மேஜிக் பாக்கெட்டுக்குக் காவல் இருக்கிறது, டி என்றால் அணைந்திருக்கிறது. ஈத்டூல் வழியாக ஜி என்று மாற்றினால் அடுத்த முறை கணினி திறக்கும்வரைதான் நிற்கும். நிலைக்க வேண்டுமென்றால் நெட்வொர்க்மேனேஜரில் அந்த இணைப்பின் வேக்-ஆன்-லேன் மதிப்பை "மேஜிக்" என்று வையுங்கள், உபுண்டு சர்வர் என்றால் நெட்பிளான் கோப்பில் "வேக்ஆன்லேன்: ட்ரூ" என்று எழுதுங்கள்.

அப்டேட்டுக்குப் பின் மூன்று இடங்களில் தேடுங்கள். கார்டின் பெயர் மாறி, பழைய பெயருக்கு எழுதிய அமைப்பு அநாதையாகியிருக்கலாம். ரியல்டெக்கின் ஆர்8168 டிரைவரைத் தனியாகப் போட்டிருந்தால், புதிய கெர்னலுக்கு (லினக்ஸின் உள்மையம்) அது தொகுக்கப்படாமல், கெர்னலோடு வரும் ஆர்8169 வந்திருக்கலாம். மூன்றாவது, லேப்டாப்பில் பேட்டரியைச் சேமிக்க டிஎல்பி நிறுவியிருந்தால், அது வேக்-ஆன்-லேனை இயல்பாகவே அணைத்துவிடும். அதன் கோப்பில் "டபிள்யூஓஎல்_டிஸேபிள்" என்ற வரியை "என்" என்ற ஆங்கில எழுத்துக்கு மாற்ற வேண்டும், இவை இரண்டையும் மட்டும் பெரிய எழுத்துகளில் அடியுங்கள்.

அடுத்த அப்டேட் வரும் முன்

சரியானதும் கையோடு மொபைலை எடுத்துப் பவர் மேனேஜ்மென்ட் தாவல், அட்வான்ஸ்டு தாவலின் ஒவ்வொரு வரி, டிரைவர் பதிப்பு எண், பயாஸ் பக்கம் ஆகியவற்றைப் படம் பிடித்து வையுங்கள். வேலை செய்த டிரைவரின் நிறுவல் கோப்பைக் கணினியிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், டிரைவர் இல்லாமல் இணையமே வராத நாளில் அது கை கொடுக்கும். பெரிய அப்டேட்டை, கணினிக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கும் நாளில் ஏற்றுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் சில வாரங்களுக்கு நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, பயணத்துக்கு முன் அதைப் பயன்படுத்துங்கள். அப்டேட் ஏறி மறுபடி திறந்ததும், வேக்_ஆர்ம்ட் பட்டியலில் ஈதர்நெட் கார்டின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு முறை ஸ்லீப்பில் போட்டு மொபைலில் இருந்து எழுப்பிப் பார்த்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள்.